ஐந்து ஆம்பியர்

நோம்பிக்கு இன்னும் பத்தொன்பது நாள் என்றான் வெள்ளிங்கிரி.
மாநாட்டை அவன் அப்படித்தான் சொல்வான்.
பீளமேட்டு பேக்கரியில், மழைக்கு ஒதுங்கியவர்கள் நடுவே
தேங்காய்ப் பன் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
உள்பக்கத்தில் வரைந்தோம் எங்கள் ஸ்டாலை:
ஆறடிக்கு ஆறடி. ஒரு மேஜை. இரண்டு நாற்காலி.
ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்று.

ஒன்றுதானா?
ஒன்றுதான்.
பெரிய கம்பெனிகளுக்குச் சுவர் முழுக்கத் திரை.
எங்களுக்கு வாசல் தூரம், கழிப்பறை பக்கம்.
"அதுவும் நல்லதுதானுங்க,
எல்லாரும் ஒருக்கா வந்துதான ஆகோணும்"
என்றாள் ஜெசிந்தா, கணக்கு அவள்தான்.

மும்முனை என்பது எங்கள் மென்பொருளின் பெயர்.
தோட்டத்து மோட்டாருக்கு மூன்று முனையும் வந்ததா,
வந்ததில் ஒன்று செத்ததா,
காயில் கருகும் முன்னே கைபேசிக்குச் சொல்லும்.
நாலு வருசம். அறுநூற்றுச் சொச்சம் கிணறு.
அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போகிற இடத்தில்
இருப்பது ஒற்றை முனை.

சிரித்து ஓய்ந்ததும்
திருமூர்த்தி மூன்று பல்பு வரைந்தான்.
சிவப்பு, மஞ்சள், நீலம்.
"ஒண்ணைப் புடுங்குவோம். மணி அடிக்கும். அவ்வளவுதான் நம்ம பேச்சு."

பிறகு ஸ்டிக்கரில் என்ன போடுவதென்று சண்டை.
இலவசம் என்றால் கூட்டம் வரும்.
கட்டற்ற என்றால்
"எது கட்டலைங்க, பில்லா?" என்பார்கள்.
"எங்க தோட்டத்துக் கரண்டும் இலவசந்தான்,
அதான் ராத்திரி ரெண்டு மணிக்கு வருது"
என்றான் வெள்ளிங்கிரி.
இலவசத்தை அடித்தோம்.
திறந்து பாருங்க என்று எழுதினோம்.
அதற்கும் ஜெசிந்தா ஒரு கேள்விக்குறி போட்டாள்.

டி-சர்ட்டுக்குச் செலவில்லை.
திருப்பூரில் என் மாமன் மகன் தருகிறான் எழுபது,
ஏற்றுமதியில் கழிந்தவை,
நெஞ்சில் ஏதோ நார்வே படகுக் கிளப்பின் பேர்.
முதுகு காலி. முதுகில் அச்சடிக்கலாம்.
யார் நீங்கள் என்று கேட்டால்
திரும்பி நிற்க வேண்டும்.

கடைசியில் பாஸ். மூன்றுதான்.
நாங்கள் நால்வர்.
ஐந்தாவது, கெணத்துமேடு.
முகம் பார்த்ததில்லை. அந்தப் பேரில்
திருத்தங்கள் வரும், ஒரு வாரம் பகலில்,
மறுவாரம் நடுச்சாமத்தில்,
லைனில் முறை மாறுவது போலவே.
நிரலில் பாதிக்கு மேல் அந்தக் கைதான்.
அவனைக் கூப்பிடாமல் எப்படி?
அங்கிருந்தே செய்தி அனுப்பினேன்.
டீ ஆறும் முன் பதில்:

"வர்றமுங்க. நானும் எங்க அக்காவும்.
ஒரே லேப்டாப்பு, அதனால ஒரே பேரு.
தாராபுரத்துல மொத பஸ்ஸு ஏறிருவோம்.
பல்பு சரிதானுங்க, ஆனா மேஜை மேல
நெச மோட்டாரும் ஒண்ணு வெக்கோணும்.
ஓட வேண்டாம்.
கருகுனது எங்ககிட்ட இருக்குது."

கொஞ்ச நேரம் யாரும் பன்னைத் தொடவில்லை.
நாலு வருசமாய் அவன், அவன் என்றே இருந்திருக்கிறோம்.

வெள்ளிங்கிரி பென்சிலை வாங்கி
மேஜை நடுவில் ஒரு மோட்டார் வரைந்தான்.
பல்புகள் விளிம்புக்கு நகர்ந்தன.
பாஸ் மூன்று, ஆள் ஆறு.
யார் உள்ளே, யார் எதிர்த்த டீக்கடையில்,
கழுத்துப் பட்டை எத்தனை மணிக்குக் கைமாறும்,
ஜெசிந்தா கட்டம் போட்டாள்.
முறை வைத்து விடுகிற கரண்ட் மாதிரியே இருந்தது.
அக்கா தங்கை இரண்டு பேருக்கு மட்டும்
வெட்டில்லை, முழுநாளும்.

மழை விட்டிருந்தது.
எண்ணெய் ஊறிய அட்டையை மடித்துப் பையில் வைத்தேன்.
பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது,
முக்கியமானதைக் கேட்கவில்லை:
"மோட்டார் எத்தனை எச்பிங்க?"

ராத்திரி இரண்டு மணிக்கு
தலைமாட்டில் கைபேசி துடித்தது.
"ஏழரை."